மூளைத் துண்டுப் பரிசோதனைக்கு நீல எல்இடி பெட்டி: துடிப்பு சதுரமாய் வருதில்லை, பதிவிலும் இரைச்சல்

நாவற்குழி_77 (கேள்வி)

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம்.

சனல்றொடொப்சின்-2 (நீல வெளிச்சம் பட்டால் திறந்து நரம்புக்கலத்தைத் துடிக்கவைக்கிற புரதச் சனல்) உள்ள சுண்டெலி மூளைத் துண்டுகளுக்கு (300 மைக்ரோமீற்றர் தடிப்பு) நீல வெளிச்சம் கொடுக்கிற பெட்டி ஒண்டை யாழ்ப்பாணத்திலேயே கட்டிக்கொண்டிருக்கிறன். துண்டு வெட்டிப் பதிவெடுக்கிற ஆய்வுகூடம் வேற இடத்தில. அங்க இருக்கிற ரெண்டு பதிவு மேசைக்கும் ஒரே பெட்டி மாறி மாறிப் போகவேணும். ஒரு கையால தூக்கக்கூடியதா இருக்கவேணும்.

தேவை இதுதான்: 1 முதல் 10 மில்லிசெக்கன் துடிப்பு, 1 முதல் 40 ஹேர்ட்ஸ், துண்டின் மேற்பரப்பில சதுர மில்லிமீற்றருக்கு 1 முதல் 10 மில்லிவாற். பதிவுக் கருவியில இருந்து 5 வோல்ற் சைகை வந்தால் உடனே எரியவேணும்.

இப்ப இருக்கிறது: ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி ஓட்டுற சின்னப் போர்டு), எல்இடிக்கு 700 மில்லிஅம்பியர் கொடுக்கிற பக் ட்ரைவர் மொடியூல், 12 வோல்ற் அடாப்டர், நட்சத்திரத் தட்டில ஒட்டின 3 வாற் நீல எல்இடி. வெளிச்சத்தைக் குறைக்க நானோவின்ர 9ஆம் பின்னில அனலொக்ரைற் கட்டளை.

பிரச்சினைகள்: 2 மில்லிசெக்கன் துடிப்பு கேட்டால் முன்விளிம்பு சரிஞ்சு எழும்புது. வெளிச்சத்தைப் பாதியாக்கினால் ஸ்கோப்பில (அலைவடிவம் காட்டுற கருவி) துடிப்பு ஒவ்வொருமுறையும் வேற வேற வடிவத்தில தெரியுது. லப்ரொப்பை யூஎஸ்பியில செருகினால் எல்இடி ஒருக்கா மின்னி அணையுது. அதோட பதிவு ஆம்பிளிபயருக்குக் கிட்ட வைச்சால் துடிப்பின்ர ரெண்டு விளிம்பிலயும் முள்ளு மாதிரி ஒண்டு ஏறுது. எங்க இருந்து திருத்தத் தொடங்கிறது?

ஈயக்கம்பி

தம்பி, முதல்ல அந்த பக் ட்ரைவரைக் கழட்டி வையுங்கோ. அது அறைக்கு வெளிச்சம் போடச் செய்த சாமான். உள்ளுக்க சுருளும் சுவிச்சிங்கும் இருக்கு. 'எரி' எண்டு சொன்ன பிறகு அது கரண்டை மெல்லமாத்தான் ஏத்தும். அதுதான் நீங்கள் பாக்கிற சரிவு. எரிஞ்சுகொண்டிருக்கேக்கயும் சுவிச்சிங் அலை எல்இடி வயரில ஓடும். அந்த வயரே அன்ரெனா.

ரெண்டாவது பிரச்சினையைக் கணக்குப் பாத்தால் விளங்கும். நானோவில அனலொக்ரைற் செய்யிறது பிடபிள்யூஎம், அதாவது விட்டுவிட்டு எரிச்சு அணைக்கிறது; 9ஆம் பின்னில அது 490 ஹேர்ட்ஸ், ஒரு சுற்று 2.04 மில்லிசெக்கன். உங்கட துடிப்பு 2 மில்லிசெக்கன். பாதி வெளிச்சம் எண்டு நீங்கள் கேக்கிறதை நானோ 'ஒரு மில்லிசெக்கன் முழு வெளிச்சம், மிச்சம் இருட்டு' எண்டு கொடுக்குது. அதுவும் சுற்றின் எந்த இடத்தில வெட்டுதோ அதைப் பொறுத்து வடிவம் மாறும். நரம்புக்கலத்துக்கு இது பாதி வெளிச்சமே இல்லை, பாதி நேரம்.

பதிலுக்கு நேர்கோட்டு மின்னோட்ட மூலம் கட்டுங்கோ. சாமான் எல்லாம் மலிவு: எம்சிபி6002 ஒப்-அம்ப் (ரெண்டு வோல்ற்றை ஒப்பிட்டுச் சரிசெய்யிற சில்லு), ஐஆர்எல்இசட்44என் மொஸ்பெட் (கேற் காலில வைக்கிற வோல்ற்றால ட்ரெயினுக்கும் சோர்சுக்கும் நடுவில போற கரண்டைக் கட்டுப்படுத்துறது), கரண்டை அளக்க 1 ஓம் உணர் ரெசிஸ்ரர். எல்இடியின்ர நேர்முனை வழங்கலின்ர நேர்முனைக்கு, எதிர்முனை மொஸ்பெட்டின்ர ட்ரெயினுக்கு, சோர்சில இருந்து 1 ஓம் வழியா நிலத்துக்கு. ஒப்-அம்ப் அந்த 1 ஓமில இருக்கிற வோல்ற்றைப் பாத்து கேற்றை ஓட்டும். உள்ளீட்டில 0.5 வோல்ற் வைச்சால் எல்இடியில 500 மில்லிஅம்பியர். அவ்வளவுதான்.

மொஸ்பெட் வாங்கேக்க எழுத்தை வடிவாப் பாருங்கோ. ஐஆர்எவ்இசட்44என் பாக்கிறதுக்கு ஒரே மாதிரித்தான், ஆனா அதுக்கு கேற்றில 10 வோல்ற் அளவு வேணும். 5 வோல்ற் ஒப்-அம்ப் ஓட்டினால் கரண்ட் இடையில நிண்டுபோகலாம். மூண்டாவது எழுத்து 'எல்' ஆக இருக்கவேணும்.

1 ஓமுக்கு வெள்ளைச் சீமெந்து ரெசிஸ்ரர் போடாதேங்கோ. உள்ளுக்க கம்பிச் சுருள், விளிம்பு கெடும். 10 ஓம் கால் வாற் மெற்றல் பிலிம் 10 எடுத்துச் சமாந்தரமா ஈயம் பிடியுங்கோ. 1 ஓம், 2.5 வாற். 700 மில்லிஅம்பியர் தொடர்ந்து ஓடினாலும் அரை வாற்தான் சூடு.

ஒப்-அம்புக்கும் கேற்றுக்கும் நடுவில 100 ஓம். உணர் ரெசிஸ்ரரில இருந்து எதிர் உள்ளீட்டுக்கு 1 கிலோஓம், ஒப்-அம்ப் வெளியீட்டில இருந்து அதே எதிர் உள்ளீட்டுக்கு 1 நனோபராட். கேற்றின்ர கொள்ளளவம் ஏறக்குறைய 1700 பிக்கோபராட். இந்த மூண்டு சாமானும் இல்லாட்டி ஒப்-அம்ப் ஊசலாடும், எல்இடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில மினுங்கும். ஸ்கோப்பில துடிப்பின்ர மேல்தட்டு தடிச்ச கோடாத் தெரிஞ்சால் இதுதான் காரணம்.

வெளிச்ச அளவுக்கு எம்சிபி4725 டிஏசி (நானோ சொல்லுற எண்ணை வோல்ற்றா மாத்திற சில்லு). அது 0 முதல் 5 வோல்ற் தரும். 62 கிலோஓம், 10 கிலோஓம் போட்டுப் பிரிச்சால் உச்சம் 0.69 வோல்ற், அதாவது 690 மில்லிஅம்பியர். நிரலில என்ன பிழை விட்டாலும் அதுக்கு மேல ஏறாது. டிஏசியின்ர நிலைநினைவில பூச்சியம் எழுதி வையுங்கோ, இல்லாட்டி கரண்ட் போட்ட உடன பழைய அளவில எழும்பும். இன்னொண்டு, இந்த டிஏசி தன்ர வழங்கல் வோல்ற்றையே அளவுகோலா எடுக்குது. யூஎஸ்பியின்ர 5 வோல்ற்றில ஓடவிட்டால் லப்ரொப் மாறேக்க வெளிச்சமும் மாறும். பெட்டிக்குள்ளேயே சீராக்கி வைச்சு அதில இருந்து கொடுங்கோ.

இப்ப முக்கியமான விசயம், அணைஞ்சிருக்கிற நிலை. பிரிச்ச அந்த 0.69 வோல்ற் முனையை 2என்7000 (சின்ன மொஸ்பெட்) ஒண்டால நிலத்தோட குறுக்குங்கோ. அதின்ர கேற்றை 10 கிலோஓமால 5 வோல்ற்றுக்கு இழுத்துவிடுங்கோ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாத நேரம் 2என்7000 கடத்தும், எல்இடி இருட்டு. சைகை வந்து கேற்றைக் கீழ இழுத்தால்தான் எரியும். லப்ரொப்பைச் செருகேக்க நானோ மறுபடி துவங்கும், அந்த நேரம் அதின்ர பின்கள் எல்லாம் மிதக்கும். உங்கட மின்னலுக்குக் காரணம் அது. இந்த இணைப்பில மிதந்தாலும் இருட்டுத்தான், கேபிள் கழண்டாலும் இருட்டுத்தான்.

சைகையை 6என்137 ஒளியிணைப்பி (மின்தொடுப்பு இல்லாம வெளிச்சத்தால சைகையைக் கடத்துறது) வழியா எடுங்கோ. அதின்ர வெளியீடு திறந்த கலெக்டர், உள்ளீடு வந்தால் கீழ இறங்கும்; மேல சொன்ன 10 கிலோஓமோட அப்பிடியே பொருந்தும். 8ஆம், 5ஆம் காலுக்குக் குறுக்க 0.1 மைக்ரோபராட் கட்டாயம். உள்ளீட்டில 330 ஓம் போட்டால் 11 மில்லிஅம்பியர் அளவு இழுக்கும். பதிவுக் கருவியின்ர டிஜிற்றல் வெளியீடு அவ்வளவைத் தருமோ எண்டு கையேட்டில பாருங்கோ, தராட்டி ஒரு 2என்2222 ட்ரான்சிஸ்ரர் நடுவில வையுங்கோ. பிசி817 ஒளியிணைப்பி மலிவு எண்டு போடவேண்டாம், அது அணைய மைக்ரோசெக்கன் கணக்கில இழுக்கும், அதுவும் சுமையைப் பொறுத்து மாறும்.

பதிவுக் கருவியே துடிப்புத் தொடரை உருவாக்குமெண்டால் நானோவை நடுவில வைக்கவே வேண்டாம், அது டிஏசிக்கு மட்டும். நானோ தொடர் ஓட்டுறதெண்டால் நேரத்துக்கு அதை நம்பாதேங்கோ. கன போர்டுகளில கடிகாரமா இருக்கிறது செரமிக் ரெசொனேற்றர். 0.5 சதவீதம் பிழை எண்டாலே 10 நிமிடத்தில 3 செக்கன் விலகும்.

துண்டுமேசை

மின்சுற்றுக்கு மேலே சொன்னது போதும். ஒளியைப் பற்றியும் பதிவைப் பற்றியும் நான் எழுதுகிறேன்.

முதலில் எல்இடியின் அலைநீளம். கடையில் 'நீலம்' என்று தருவதில் பெரும்பாலானவை 450 நனோமீற்றர் பக்கம் இருக்கும் ரோயல் புளூ. சனல்றொடொப்சின்-2 இன் உச்சம் 470. 450இலும் அது திறக்கும், அதனால் ஒளிநாரின் வழியாகக் கொடுத்தால் பெரிய நட்டமில்லை. ஆனால் நுணுக்குக்காட்டியின் பச்சைப் புரத வடிகட்டிப் பெட்டி வழியாக அனுப்பினால், அது 450 முதல் 490 வரை மட்டும் விடும் வகை என்றால், உங்கள் ஒளியில் பாதி அங்கேயே நின்றுவிடும். தரவுத்தாளில் 465 முதல் 480 வரை எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள்.

இரண்டு மேசைக்கும் மாறுகிற பெட்டி என்றால் ஒளிநார்தான் என் தெரிவு. பொருள்வில்லை வழியாகக் கொடுத்தால் புலம் சீராக இருக்கும், உண்மை. 40 மடங்கு வில்லையில், புல எண் 22 என்றால், புலத்தின் விட்டம் 0.55 மில்லிமீற்றர், பரப்பு 0.24 சதுர மில்லிமீற்றர். 1 மில்லிவாற் வந்தாலே சதுர மில்லிமீற்றருக்கு 4 மில்லிவாற். ஆனால் ஒவ்வொரு நுணுக்குக்காட்டிக்கும் வேறு இணைப்பு வளையம், வேறு குவிப்பு, வேறு அளவுத்திருத்தம். ஒளிநாரை ஒரு நுண்கையாளியில் மாட்டினால் இரண்டு மேசையிலும் அதே எண்.

எந்த ஒளிநார்? மெல்லியது அழகாக இருக்கும், ஆனால் எல்இடிக்குப் பொருந்தாது. எல்இடி எல்லாப் பக்கமும் சிதறும். ஒளிநார் தன் முகப்பின் பரப்புக்கும் எண்துவாரத்தின் (எவ்வளவு அகன்ற கோணத்து ஒளியை நார் உள்வாங்கும் என்று காட்டும் எண்) வர்க்கத்துக்கும் ஏற்ற பங்கை மட்டும் பிடிக்கும். 1 சதுர மில்லிமீற்றர் சில்லில் 500 மில்லிவாற் ஒளி, மேலே குவிமாட வில்லை என்று எடுத்தால், 200 மைக்ரோமீற்றர் விட்டம், 0.39 எண்துவாரம் உள்ள நாரில் ஏறக்குறைய 1 மில்லிவாற்றுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 400 மைக்ரோமீற்றர், 0.50 நாரில் 7 வரை போகலாம். இவை உச்சக் கணக்கு. முகப்பு சரியாக மெருகேறாவிட்டால் பாதிதான் வரும். நடுவில் வில்லை வைத்துக் குவித்தால் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்இடியின் பிரகாசத்தை எந்த வில்லையாலும் கூட்ட முடியாது. நார் முகப்பைக் குவிமாடத்துக்குத் தொடாமல் முடிந்தவரை கிட்டக் கொண்டுபோவதே வழி.

நுனியில் இருந்து ஒளி விரியும். 400 மைக்ரோமீற்றர் நார் திரவத்துக்குள் 22 பாகை விரிந்து, 1 மில்லிமீற்றர் தூரத்தில் 1.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டமாகும். 6 மில்லிவாற் நுனியில் இருந்தால் அங்கே சதுர மில்லிமீற்றருக்கு 5 மில்லிவாற். அது மேற்பரப்புக் கணக்கு. சாம்பல் பொருளுக்குள் 100 மைக்ரோமீற்றர் போகும்போதே நீலம் பாதியாகிவிடும். பதிவெடுக்கும் கலம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கலங்களை ஒப்பிட முடியாது. 40 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள்: சனல்றொடொப்சின்-2 மூட 10 மில்லிசெக்கன் அளவு எடுக்கும், ஆகவே அந்த வேகத்தில் எல்லாத் துடிப்புக்கும் கலம் பதில் சொல்லாது. அதைப் பெட்டியின் குறை என்று தேடாதீர்கள்.

இனி அந்த முள். இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. துண்டு இல்லாமல், செயற்கை மூளைமுண்ணாண் பாய்பொருளுக்குள் (துண்டை உயிரோடு வைத்திருக்கும் உப்புக் கரைசல்) மின்வாயை மட்டும் இறக்கி ஒளி கொடுத்துப் பாருங்கள். பிறகு நார் நுனியைக் கறுப்பு நாடாவால் மூடி அதே துடிப்பைக் கொடுங்கள். மூடிய பிறகும் முள் நின்றால் அது மின்தூண்டல்: வயர், நிலம், பெட்டி. மூடியதும் மறைந்தால் அது ஒளி உலோகத்தில் படுவதால் வரும் வோல்ற்று. கண்ணாடி மின்வாயென்றால் உள்ளே இருக்கும் வெள்ளிக் குளோரைட்டுக் கம்பியிலோ, தொட்டியின் நில முனையிலோ ஒளி படுகிறது. கம்பியை மேலே இழுங்கள், நில முனையைக் கறுப்புக் குழாயால் மறையுங்கள். உலோக மின்வாயில் இதை முழுவதும் ஒழிக்க முடியாது. நாரின் கோணத்தை மாற்றிக் குறைக்கலாம், சனல்றொடொப்சின் இல்லாத துண்டில் அதே துடிப்பைப் பதிந்து கழிக்கலாம்.

அடையாளம் ஒன்று: செயற்கையான முள் ஒளி தொடங்கும், முடியும் அந்தக் கணத்தில் நிற்கும். கலத்தின் சொந்த மின்துடிப்பு சில மில்லிசெக்கன் கழித்து வரும், முறைக்கு முறை கொஞ்சம் முன்பின் ஆகும், 1 மைக்ரோமோலர் டெட்ரோடொக்சின் (நரம்புத் துடிப்பை நிறுத்தும் நஞ்சு) விட்டால் போய்விடும்.

இன்னொன்று, பெட்டிக்கு வெளியே உள்ளது: கலத்தைத் தேடும்போது நுணுக்குக்காட்டியின் வெள்ளை விளக்கும் நீலத்தைக் கொடுக்கிறது. விளக்குக்கு முன் சிவப்பு அல்லது அகச்சிவப்பு வடிகட்டி போடுங்கள். மஞ்சள் ஒளிர்புரதம் ஒட்டிய கலங்களை ஒளிரவைத்துத் தேடினால் தேடும்போதே சனல்கள் களைத்துவிடும். சிவப்பு ஒளிர்புரதம் ஒட்டிய சுண்டெலி கிடைத்தால் நல்லது.

கொக்குவில்_லேத்

பிடபிள்யூஎம் முழுக்கப் பிழை எண்டு சொல்லக்கூடாது. 50 கிலோஹேர்ட்ஸில ஓட்டினால் சனல்றொடொப்சின் அதைச் சராசரியாத்தான் பாக்கும், அது மில்லிசெக்கன் ஆள். உயிரியல் பக்கம் பிழையில்லை. ஆனா அந்த 50 கிலோஹேர்ட்ஸ் வயரில 0.7 அம்பியரா ஓடி ஆம்பிளிபயருக்குள்ள பூந்தால், எண்ணாக்கேக்க அது வேற மீடிறனா மடங்கி அலைவடிவத்தில வந்து இருக்கும். பதிவு மேசைக்குப் பக்கத்தில வைக்கிற பெட்டிக்கு ஈயக்கம்பி சொன்னதுதான் சரி.

நாருக்கும் எல்இடிக்கும் நடுவில அலுமினியத் தண்டில ஒரு உறை கடைஞ்சு எடுங்கோ. எந்த லேத்துக் கடையிலயும் செய்யலாம். 2.5 மில்லிமீற்றர் செரமிக் பெரூலுக்கு (நார் முனையைப் பிடிக்கிற குழாய்) 2.52 துளை, ஒரு பக்கத்தால எம்2 திருகாணி, நுனியில நைலோன் துண்டு வைச்சு. வெறும் திருகாணி செரமிக்கை வெடிக்கப் பண்ணும். உறையை எல்இடி நிக்கிற ஹீற் சிங்கிலேயே முடுக்குங்கோ, வேற தட்டில வைச்சால் சூட்டில ரெண்டும் வேற வேற பக்கம் நகந்து வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும்.

நாவற்குழி_77

பெரிய உதவி. பக் ட்ரைவரைக் கழட்டி, சொன்ன மாதிரி கட்டிப் பாத்தன், துடிப்பு இப்ப சதுரம். ரெண்டு கேள்வி மிச்சம். இருட்டில பாத்தால் அணைஞ்ச நேரமும் எல்இடி மெல்லிசா மினுங்குது. மற்றது, 12 வோல்ற் அடாப்டருக்குப் பதில் பவர் பாங்க் போடலாமோ?

ஈயக்கம்பி

மினுங்கிறது ஒப்-அம்பின்ர ஒப்செற் (உள்ளீடு பூச்சியமா இருந்தும் மிஞ்சிற சின்ன வோல்ற்றுப் பிழை). எம்சிபி6002 இல 4.5 மில்லிவோல்ற் வரை இருக்கலாம், 1 ஓமில அது 4.5 மில்லிஅம்பியர். நீல எல்இடிக்கு அது கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம். எதிர் உள்ளீட்டில இருந்து 5 வோல்ற்றுக்கு 1 மெகாஓம் ஒண்டு பிடியுங்கோ. அங்க ஏற்கெனவே இருக்கிற 1 கிலோஓமோட சேந்து 5 மில்லிவோல்ற் மேல தூக்கும், ஒப்-அம்ப் கேற்றைப் பூச்சியத்தில வைச்சிருக்கும். எரியேக்க 5 மில்லிஅம்பியர் குறையும், அளவுத்திருத்தத்தில அது தானா அடங்கும்.

இதோட ஒரு பக்கவிளைவு: வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்கத் தொடக்கத் தாமதம் கூடும், ஏனெண்டால் சின்ன உள்ளீடு அந்த 1 நனோபராட்டை மெல்லமாத்தான் நிரப்பும். 50 மில்லிஅம்பியரில 50 மைக்ரோசெக்கன் அளவு வரும். அதுக்குக் கீழ மங்கல் வேணுமெண்டால் கரண்டைக் குறைக்காம நடுநிலை வடிகட்டி (நிறத்தை மாத்தாம வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற கண்ணாடி) போடுங்கோ.

பவர் பாங்க் வேண்டாம். உள்ளுக்க பூஸ்ற் சுற்று இருக்கு, திரும்பவும் அதே சுவிச்சிங் இரைச்சல். துடிப்புக்கு நடுவில இழுவை குறைஞ்சால் 'ஒருத்தரும் இல்லை' எண்டு தானா நிண்டும்விடும். இமேர்ஜென்சி லைற்றுக்குப் போடுற 6 வோல்ற் 4.5 அம்பியர்-மணி ஈயப் பற்றரி எடுங்கோ. 6.3 வோல்ற்றில எல்இடி 3.3, உணர் ரெசிஸ்ரர் 0.7 போக மொஸ்பெட்டில 2.3 வோல்ற்தான் நிக்கும், தொடந்து எரிஞ்சாலும் 1.6 வாற். 12 வோல்ற் எண்டால் அதே இடத்தில 5.6 வாற் சூடு. 20 ஹேர்ட்ஸ், 5 மில்லிசெக்கன் எண்டால் சராசரி 70 மில்லிஅம்பியர், ஒரு முழு நாளுக்குத் தாராளம். மின்வெட்டு வந்தாலும் பெட்டிக்கு ஒண்டும் இல்லை, 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் உள்ள வராது. பற்றரியைக் காவிக்கொண்டு போகத்தேவையில்லை, முனையை மட்டும் வெளிய விட்டு, போற இடத்தில வாங்கலாம். 1.5 அம்பியர் பியூசைப் பற்றரியின்ர நேர்முனையோட ஒட்டி வையுங்கோ.

5 வோல்ற் சீராக்கியா 7805 இங்க வேலை செய்யாது, அதுக்கு 7 வோல்ற்றாவது உள்ள வேணும். எல்எம்2940 போடுங்கோ, வெளியீட்டில 22 மைக்ரோபராட்டுக்குக் குறையாம; இல்லாட்டி அது ஊசலாடும். எல்இடியை பற்றரியில நேரா விடுங்கோ, சீராக்கி வழியா வேண்டாம். பக்கத்தில 1000 மைக்ரோபராட் நல்லது, ஆனா அது விளிம்புக்கு மட்டும்தான். 0.7 அம்பியரை 5 மில்லிசெக்கன் அதில இருந்தே எடுத்தால் 3.5 வோல்ற் விழுந்துபோகும், ஆகவே பற்றரி வயர் கட்டையாவும் தடிப்பாவும் இருக்கவேணும்.

முள்ளு மூடின பிறகும் நிண்டால்: எல்இடி வயர் ரெண்டையும் முறுக்குங்கோ, சுற்று முழுக்கத் தகரப் பெட்டிக்குள்ள போகட்டும். பிஸ்கட் தகரமே காணும், ஆனா மூடி தொடுற இடத்தில பெயின்ற்றைச் சுரண்டிவிடுங்கோ, இல்லாட்டி மூடி தனியா மிதக்கும். 2என்7000 க்கும் ஒப்-அம்புக்கும் நடுவில 10 கிலோஓம், 4.7 நனோபராட் போட்டால் விளிம்பு மெதுவாகும்: மூண்டில ரெண்டு பங்கு எழும்ப 90 மைக்ரோசெக்கன், அதே பங்கு இறங்க 50. 2 மில்லிசெக்கன் துடிப்புக்கு அது பெரிசில்லை. பதிவு ஓடேக்க லப்ரொப்பின்ர யூஎஸ்பியைக் கழட்டுங்கோ. அது செருகியிருந்தால் ஒளியிணைப்பி போட்ட பலனே இல்லை.

துண்டுமேசை

வெளிச்சத்தை லக்ஸ் மீற்றரால் அளக்க வேண்டாம். அது மனிதக் கண்ணுக்கு ஏற்ப நிறுக்கிறது, நீலத்தில் அதன் எண்ணுக்குப் பொருளில்லை. ஒளிவலு மீற்றர் ஒன்றை ஒரு நாள் கிடைத்தாலும் இரவல் வாங்கி, 470 என்று வைத்து, நார் நுனியில் 50, 100, 200, 400, 690 மில்லிஅம்பியருக்கு அளவெடுங்கள். துடிப்பாக அல்ல, தொடர்ச்சியாக எரியவிட்டு. எரிந்து 2 நிமிடம் கழித்து இன்னொரு முறை. இரண்டு எண்ணும் விலகினால் ஹீற் சிங்க் போதாது.

பிறகு பெட்டிக்குள்ளேயே ஒரு பிபிடபிள்யூ34 ஒளி டயோட்டை எல்இடியைப் பார்க்க வையுங்கள். 9 வோல்ற் பற்றரி, 1 கிலோஓம், எல்லாம் மற்றச் சுற்றோடு தொடாமல் தனியாக. அதன் வோல்ற்று உச்சத்திலும் 2 தாண்டாத தூரத்தில் நிறுத்தி, பதிவுக் கருவியின் இரண்டாவது வாயிலில் பதியுங்கள். அப்போது கோப்பில் இருப்பது சைகை அல்ல, உண்மையில் எரிந்த ஒளி. நானோவின் கடிகாரம் விலகினாலும் கவலையில்லை.

நாரை வெட்டினால், மெருகேற்றினால், நுனியில் உப்புப் படிந்து துடைத்தால், அளவெடுப்பை மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் முடிவில் நுனியை வடித்த நீரில் கழுவுங்கள். பாய்பொருள் காய்ந்தால் உப்புப் பளிங்கு ஒளியைச் சிதறடிக்கும். நுனியைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டாம். வெள்ளைக் கடதாசியில் வட்டத்தை விழுத்திப் பாருங்கள், அதையும் செம்மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு. வட்டத்தில் பிறை போல் ஒரு பக்கம் கறுத்தால் முகப்பு உடைந்திருக்கிறது, அதை மெருகேற்றிச் சரிசெய்ய முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும்.